பஸ் நிறுத்தத்தில் பேசுகிறவர்களைக் கூட்டத்துக்குள் பேச வைப்பது எப்படி?

எங்கள் வாசகர் வட்டத்தின் முதல் கூட்டத்துக்கு 19 பேர் வந்திருந்தார்கள். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அங்கே உள்ள கிளை நூலகம். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை நான்கு வரிசையாகப் போட்டிருந்தோம். ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பேசி முடித்ததும், "இப்போ நீங்க எல்லாரும் உங்க கருத்தைச் சொல்லலாம்" என்றேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பின்வரிசையில் ஒருவர், "நல்லா இருந்ததுங்க டீச்சர்" என்றார். டீ கொடுத்தோம். கூட்டம் முடிந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஏழு பேர் அதே நிறுத்தத்தில் நின்றார்கள். அங்கே ஒரே பேச்சு! கதையில் வரும் அம்மா நிலத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தது தப்பு என்று ஒரு பெண் சொல்ல, இன்னொருவர், "எழுதிக் குடுக்காம என்ன பண்ணுவா? சோறு போடறவன் அவன்தானே" என்றார். எங்க சித்தி இப்படித்தான், எங்க ஊரில் ஒரு பெரியவர் இப்படித்தான் என்று வரிசையாக வந்தது. பஸ் வந்தபோது இரண்டு பேர் ஏறவே இல்லை, அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு. இத்தனை பேச்சும் இவர்களிடம்தான் இருந்திருக்கிறது. கூட்டத்தை நடத்திய விதத்தில் அது வெளியே வர நான் வழி வைக்கவில்லை.

நான் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் 'சத்துணவு டீச்சர்' என்பார்கள். அதற்கு முன்னால், தொண்ணூறுகளில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். வாசகர் வட்டத்தை ஒன்பது வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறோம். இப்போது கூட்டத்தில் பாதி நேரத்துக்கு மேல் நான் வாய் திறப்பதில்லை. வாசகர் வட்டமோ, மகளிர் குழுவோ, விவசாயிகள் கூட்டமோ, பள்ளியில் பெற்றோர் கூட்டமோ நடத்திவிட்டு "யாருமே பேச மாட்டேங்கறாங்க" என்று வருத்தப்படுகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில், ஒருவர் ஏன் பேசவில்லை என்று பாருங்கள்

எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சும்மா இருப்பதில்லை. எங்கள் தருமபுரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி, 68.5 சதவீதம். அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கிறவர்கள்தான் என் கூட்டத்துக்கு வருகிறார்கள். "எனக்கு என்னாங்க தெரியும், நான் அஞ்சாங்கிளாஸ்தான்" என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். புத்தகம் என்ற சொல் வந்ததுமே, இங்கே சரியான பதில் என்று ஒன்று இருக்கிறது, அது தனக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு காரணம் வீட்டு மொழி. பாலக்கோடு பக்கமும், அதைவிட அதிகமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கமும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. சந்தையில் அழகாகத் தமிழ் பேசுவார்கள். கூட்டம் என்றால் 'நல்ல தமிழ்' வேண்டும் என்று பயந்துவிடுவார்கள். இதற்கு நான் செய்வது ஒன்றுதான். கூட்டத்தின் தொடக்கத்திலேயே யாராவது ஒருவரிடம், "இதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்க?" என்று ஒரு தெலுங்குச் சொல்லைக் கேட்டு வாங்குவேன். அந்தச் சொல் சபையில் விழுந்த பிறகு அவர்கள் வாய் கொஞ்சம் லேசாகிவிடும்.

மாமனார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருமகள் பேச மாட்டாள். கூலி கொடுக்கிறவர் முன்னால் கூலி வாங்குகிறவர் பேச மாட்டார். இதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்கார வைக்கும்போது யாரை யாரோடு சேர்க்கிறோம் என்பது நம் கையில்தானே இருக்கிறது.

ஒரு பெண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நூலகத்தில் எடுக்காத புத்தகம் கிடையாது. எட்டு மாதம் வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டு, "பேசும்மா, பயப்படாதே" என்று நானும் சபையில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு நாள்தான் கவனித்தேன். சிரிக்கும்போது முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடிக்கிறாள். பல்லெல்லாம் காவி. எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு, அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே எத்தனையோ. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால், முளைக்கிற பல்லிலேயே கறை ஏறிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன்னால் வளர்ந்தவர்களுக்கு, பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தக் கறை போகாது. அந்தப் பெண்ணைப் பத்தொன்பது பேருக்கு எதிரில் எழுந்து நின்று பேசச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

அதற்கப்புறம் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசச் சொல்வதும் இல்லை. அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "உனக்குத் தோணற கேள்வியை எழுதிக் குடு, நான் படிக்கிறேன்" என்றேன். அவள் எழுதிக் கொடுத்த கேள்வி, நான் இரண்டு ராத்திரி யோசித்தும் எனக்கு வராத கேள்வி.

இடமும் நேரமும்

நாற்காலியை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரியுங்கள். வட்டமாக உட்காருங்கள். கீழே உட்கார முடியாத பெரியவர்களுக்கு நாற்காலியை அந்த வட்டத்திலேயே போடுங்கள், பின்னால் போடாதீர்கள். மைக் வேண்டாம். 25 பேருக்கு மைக் வைத்தால், அதைக் கையில் வாங்கும் தைரியம் உள்ள மூன்று பேர்தான் பேசுவார்கள்.

நேரத்தில் நான் ஒரு வருடம் தப்புச் செய்தேன். காலை பத்தரை என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு எந்தப் பெண்ணால் வீட்டைவிட்டு வர முடியும்? கறி எடுத்து வந்து சமைக்கிற நேரம் அது. மூன்று மணிக்கு மாற்றினேன். ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். பால் மாடு வைத்திருப்பவர் நாலரைக்கு மேல் உடம்பால்தான் அங்கே இருப்பார், மனசு தொழுவத்துக்குப் போய்விடும். அதனால் முக்கியமான பேச்சை மூன்றே காலிலிருந்து நான்கே காலுக்குள் வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் அது தறி நிற்கிற நேரமாக இருக்கலாம், கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரமாக இருக்கலாம். நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு நேரம் வையுங்கள்.

மாசி, பங்குனியில் இங்கே புளி சீசன். வீட்டுக்கு வீடு திண்ணையில் புளி குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த இரண்டு மாதமும் கூட்டத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள். மூன்றாவது வருடம், கூட்டத்தையே திண்ணைக்குக் கொண்டுபோனேன். எட்டுப் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருக்க, நான் நடுவில் உட்கார்ந்து ஒரு கதையைப் படித்தேன். நூலகத்தில் வாயே திறக்காதவர்கள் அங்கே கதையை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கை வேலையில் இருக்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்ற தவிப்பு இருக்காது. பேசிவிட்டுக் குனிந்துகொள்ளலாம். நடுவில் பேச்சு நின்றாலும் தட்டுகிற சத்தம் இருக்கும், யாருக்கும் சங்கடமாக இருக்காது. இப்போது நூலகத்துக்குள்ளும் ஏதாவது கைவேலை கொடுக்கிறேன். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவது, பழைய இதழ்களை மாத வரிசையில் அடுக்குவது. அட்டை போட்டுக்கொண்டே பேசினவை எங்கள் நல்ல பேச்சுகள்.

கேள்வியைத் தேடுவதுதான் உண்மையான வேலை

முன்பு கூட்டத்துக்கு உரை தயாரிப்பேன். இப்போது ஒரு கேள்வி தயாரிக்கிறேன். உரையைவிட இது கஷ்டம். சில மாதம் ஒரு வாரம்கூட ஆகிவிடுகிறது.

"உங்கள் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். கருத்து என்பது மேடையில் இருப்பவர்களின் சரக்கு என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள். "ஏன்?" என்றும் தொடங்காதீர்கள். ஏன் என்று கேட்டால் வகுப்பில் வாத்தியார் கேட்பதுபோல, சில பேருக்கு ஸ்டேஷனில் கேட்பதுபோல இருக்கும். யார், எப்போது, எங்கே, எது என்று கேளுங்கள். அதற்கெல்லாம் எல்லாரிடமும் பதில் இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். தகடூர் என்பது எங்கள் தருமபுரிதான், அதியமான் எங்கள் ஊர்க்காரர். அதியமானையும் ஔவையையும் பற்றி ஒரு கூட்டம் வைத்தேன். முதல் முறை கேட்ட கேள்வி, "நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்குக் கொடுத்ததிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்பது. ஒரு கல்லூரி மாணவன் "அவருடைய கொடைத்தன்மை தெரிகிறது" என்றான். அதோடு முடிந்துவிட்டது. அது பரீட்சைக் கேள்வி. பதில் சொன்னதும் மூடிக்கொள்கிற கேள்வி.

அடுத்த வருடம் அதே ஔவையை வேறு பக்கமிருந்து எடுத்தேன். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகிறாள். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஔவை என்ன சொல்கிறாள்? உன் ஆயுதமெல்லாம் மாலை போட்டு, நெய் பூசி, புத்தம் புதிதாக இருக்கிறது. எங்கள் அதியமானுடைய ஆயுதங்கள் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். இதை எளிய தமிழில் சொல்லிவிட்டு, ஒரே கேள்வி கேட்டேன்: "உங்க வீட்டுல ரொம்பத் தேஞ்சுபோன சாமான் எது?"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் தையல் கடை வைத்திருக்கும் தம்பி, தன் அப்பாவின் கத்தரி என்றான். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகிவிட்டதாம். ஒரு விவசாயி களைக்கொத்தைச் சொன்னார். "வாங்கறப்ப இவ்ளோ இருந்தது, இப்ப இவ்ளோதான்" என்று கையால் காட்டினார். அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, "எங்க வீட்டுக் களித் துடுப்பு" என்றார். அவர் மாமியார் கையிலிருந்து வந்த துடுப்பு. ராகிக் களி கிண்டிக் கிண்டி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருக்கிறதாம். "எங்க மாமியா இடது கைக்காரி. அவ தேச்ச பக்கம் வேற, நான் தேச்ச பக்கம் வேற" என்றார்.

என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. பிறகு அந்தக் கல்லூரி மாணவனே கேட்டான்: "அப்போ ஔவை சொன்னது பெருமைக்கா ஆயா, இல்ல மெரட்டவா?" ஆயா யோசித்துவிட்டு, "ரெண்டும்தான். ஒழைச்ச சாமான காட்டினாலே எதிராளிக்குப் புரிஞ்சிரும்" என்றார். இரண்டாயிரம் வருடத்துப் பாட்டுக்கு இதைவிட நல்ல உரையை நான் கேட்டதில்லை. ஆயாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

அறிவொளிப் பயிற்சியில் பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரெய்ரேவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு அவர் எழுத்துகளிலிருந்து தொடங்காமல், 'செங்கல்' மாதிரி அவர்கள் கையில் தினமும் புழங்கும் ஒரு சொல்லில் தொடங்கி, முதலில் அதைப் பற்றிப் பேச வைத்தாராம். அன்று அதைப் பாடமாகக் கேட்டுக்கொண்டேன். களித் துடுப்பு வந்த அன்றுதான் அது எனக்கு முழுசாகப் புரிந்தது.

எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் இறந்தார், வயது நாற்பதுதான். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தபோது கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனவர். அவரைப் பற்றிய கூட்டத்தில் தேதிகளைச் சொல்லி முடித்துவிட்டு, "நோய்னு சொல்லி ஒருத்தரைத் தள்ளி உட்கார வெச்சதை நீங்க எங்க பார்த்திருக்கீங்க?" என்று கேட்டேன். கொரோனா காலத்தில் பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து நடந்தே திரும்பிவந்த ஒருவர், ஊர் எல்லையில் தன்னைப் பதினான்கு நாள் மாந்தோப்பில் தங்க வைத்ததைச் சொன்னார். அவருடைய சொந்தத் தங்கை அதே வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய்த் தூர வைத்துவிட்டு வந்ததாக அவளும் சொன்னாள். சிவாவைப் பற்றி அன்றைக்குப் பேசிய மாதிரி நாங்கள் வேறெப்போதும் பேசியதில்லை.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

கேள்வி கேட்டதும் யாரும் பேசவில்லையென்றால், நடத்துகிறவருக்குப் பதற்றம் வந்துவிடும். அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார், அப்புறம் தானே பதிலும் சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆசிரியையான என் அண்ணன் மகள் ஒருமுறை சொன்னாள்: அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், வகுப்பில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிபோலத்தான் காத்திருக்கிறார்கள் என்று எழுபதுகளிலேயே அளந்து காட்டியிருக்கிறார். மூன்று நொடியும் அதற்கு மேலும் பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது.

குழந்தைகளுக்கே அப்படி என்றால், முப்பது வருடமாக யாரும் எதுவும் கேட்காதவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நான் மனதுக்குள் இருபது வரை மெதுவாக எண்ணுகிறேன். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்வேன். வாய் துறுதுறுக்கும்போது ஒரு வாய் குடிப்பேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இதைச் செய்து பாருங்கள், வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

இருபது எண்ணியும் வரவில்லையா? "சரி, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்று விட்டுவிடுங்கள். ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த வார்த்தை, சபையில் சொல்லத் தயாராகிவிடும். அப்புறம் "உங்க பக்கத்துல இருக்கறவங்க என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். தன் பேச்சைச் சொல்லத் தயங்குகிறவர் அடுத்தவர் பேச்சைச் சந்தோஷமாகச் சொல்வார். "இல்லைங்க, நான் அப்படிச் சொல்லலை" என்று அந்த அடுத்தவரும் வாய் திறந்துவிடுவார்.

நிறையப் பேசுகிறவரை என்ன செய்வது

ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். நிறையப் படித்தவர், நல்ல மனிதர், ஆரம்பித்தால் அரை மணி. அவரை அடக்கினால் அவமானப்பட்டு நின்றுவிடுவார், அது நமக்குத்தான் நஷ்டம். அவரிடம் போய், "ஐயா, இங்க பேசறதையெல்லாம் எழுதி வைக்க ஆள் வேணும். உங்க கையெழுத்து மாதிரி யாருக்கும் வராது" என்று கேட்டேன். உண்மையிலேயே முத்து முத்தான கையெழுத்து. எழுதுகிறவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்! மூன்றாவது மாதம் அவரே, "அந்த அம்மா இன்னும் சொல்லி முடிக்கலை, இருங்க" என்று இன்னொருவரை நிறுத்தினார்.

அவர் எழுதுகிற அந்த நோட்டுதான் இன்று எங்கள் வட்டத்தின் முதுகெலும்பு. சாதாரண 192 பக்க நோட்டு, இப்போது நான்காவது ஓடுகிறது. யார் என்ன சொன்னார்கள் என்பதை அவரவர் பேச்சு வழக்கிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். திருத்தக் கூடாது. ஒவ்வொரு கூட்டமும் போன மாதப் பக்கத்தைப் படிப்பதில்தான் தொடங்கும். "களித் துடுப்பு: அவ தேச்ச பக்கம் வேற, நான் தேச்ச பக்கம் வேற" என்று தன் வார்த்தையை அடுத்தவர் படிக்கக் கேட்டபோது அந்த ஆயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் அடுத்த மாதம் தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பேசினவருக்குப் பதில் போய்ச் சேர வேண்டும்

ஒருவர் தைரியம் சேர்த்துப் பேசி முடித்ததும் "ரொம்ப நன்று, அடுத்து?" என்று சொல்லிவிடாதீர்கள். மார்க் போடுவதுபோல ஆகிவிடும். அவர் சொன்னதிலிருந்தே இன்னொரு கேள்வி கேளுங்கள். "மாந்தோப்புல ராத்திரி எப்படி இருந்தது?" என்று. இல்லாவிட்டால் அதை இன்னொருவரிடம் கொண்டுபோங்கள். "இவர் சொல்ற மாதிரி உங்க பக்கமும் உண்டா?" என்று. பேச்சு என் வழியாகவே போய் என் வழியாகவே வரக்கூடாது. ஒருவர் என்னைப் பார்த்தே பேசினால், நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொள்வேன். வேறு வழியில்லாமல் மற்றவர்களைப் பார்த்துப் பேசுவார்.

பேசியதால் ஏதாவது ஒன்று நடக்கவும் வேண்டும். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருக்கிறது, ரூபாய்க்கு 10 பைசா. சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது. அதை ஒரு கூட்டத்தில் எடுத்துக் காட்டி, "இது நீங்க கட்டற பணம், நீங்க கேட்கலாம்" என்றேன். பெரிய எழுத்துப் புத்தகம் வேண்டும் என்றார் ஒருவர். மாட்டு வைத்தியம் பற்றி வேண்டும் என்றார் இன்னொருவர். பட்டியல் எழுதி நூலகரிடம் கொடுத்தோம். எல்லாம் வரவில்லை, சில வந்தன. வந்த புத்தகத்தைக் கேட்டவர் கையிலேயே முதலில் கொடுக்கச் சொன்னோம்.

சண்டை வரும். கட்சியும் சாதியும் எட்டிப் பார்க்கும். எங்கள் வட்டத்தில் ஒரே விதிதான்: சொன்னதைப் பற்றிப் பேசலாம், சொன்னவரைப் பற்றிப் பேசக்கூடாது. மீறினால் டீ இடைவேளை விட்டுவிடுவேன்.

கனமான பேச்சு வந்தால்

இதற்கும் தயாராக இருக்க வேண்டும். பெண் குழந்தை பிறப்பது பற்றிய ஒரு கதையை ஒருமுறை படித்தோம். எங்கள் மாவட்டத்தின் பழைய காயம் அது. வேண்டாம் என்று நினைக்கிற பெண் குழந்தையைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னால் இங்கேயும் ஏன் வர வேண்டியிருந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். கதை முடிந்ததும் ஒரு பாட்டி, "எனக்கு மொதல்ல ரெண்டு பொண்ணு. இருக்கலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் எழவில்லை. அன்று நோட்டில் அந்த வரியை எழுத வேண்டாம் என்று சைகை காட்டினேன். கூட்டம் முடிந்ததும் அவரே பெரியவரிடம் போய், "நான் சொன்னத எழுதினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "எழுதுங்க. பேரு வேண்டாம்" என்றார். அதிலிருந்து இப்படி வரும்போது, எழுதலாமா என்று சொன்னவரிடமே தனியாகக் கேட்டுவிடுகிறோம். அங்கே கேட்டது வெளியே போகாது என்று எல்லாரும் வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த மாதிரிக் கதைகளை எடுக்கிறோம்.

பல்லை மறைத்துக்கொண்டிருந்த பெண் ஒன்றரை வருடம் சீட்டில்தான் பேசினாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் அவள் கேள்வியை நான் படிக்கும்போது ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டேன். "அப்படி இல்லைங்கக்கா" என்று அவளே நிமிர்ந்து சொல்லி, மீதியையும் சொல்லி முடித்தாள். முந்தானை மடியிலேயே கிடந்தது. இப்போது மாதாமாதம் கேள்வியைத் தேடுகிற வேலை அவளுடையது. இந்த மாதம் அவள் வைத்திருக்கும் கேள்வி: "உங்க வீட்டுல மொதமொதல்ல கையெழுத்துப் போட்டது யாரு, எதுல போட்டாங்க?" ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. எங்க வீட்டில் அது என் அம்மா, பால் சொசைட்டி நோட்டில். அதை நான் முதலில் சொல்லிவிடக் கூடாது என்று தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்திருக்கிறேன்.